சாவியை வாங்கும் முன்

கார்க் கடன் பெற வரும்போது வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் விற்பனையகத்தில் ‘டெஸ்ட் டிரைவ்’ வண்டியின் சாவியைக் கண்டதும், கூடவே நீட்டப்படும் படிவத்தைப் படிக்காமலே கையொப்பமிட்டு விடுகிறோம். சேதம் நேர்ந்தால் செலவு ஓட்டுபவருடையது என்னும் வரி அதில் இருக்கக்கூடும்.

நம் நாட்டில் மோட்டார் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உரிமையாளரின் அனுமதியுடன், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ளவர் ஓட்டினால் அது பொதுவாகச் செல்லுபடியாகும். பொது இடத்தில் வண்டி ஓட்ட, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் அது பிறருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். வண்டியின் சேதத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடோ, வண்டியின் உரிமையாளருக்குத்தான் பயன்படும். ஓட்டிப் பார்க்கும் நமக்கு உதவாது.

ஆகவே, பாலிசி நகலைக் காட்டிய பின்னரே சாவியைத் தருவது விற்பனையாளரின் வழக்கமாக வேண்டும் என்பது நம் கருத்து. அந்த வழக்கம் வரும்வரை, கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. பழைய காரைத் தனியாரிடம் வாங்குவோர், காப்பீடு எந்நாள் வரை உள்ளது என்பதை எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிட்டு வண்டியில் ஏறலாம்.

கேட்பதில் கூச்சம் வேண்டா. முன்பணத்துக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைப் பத்து நிமிட ஓட்டத்தில் இழந்துவிடலாகாது.