படம் போட்டால் சோறு கிடைக்குமா?

ஒரு கதைப் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அது முதலில் எதைப் பார்க்கும்? எழுத்தையா? இல்லை. படத்தைத்தான் பார்க்கும்!

குழந்தை மட்டும் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதைக்குப் போகிறாள்.

இப்போது சித்திரத்துக்கு மவுசு கூடிவிட்டது. புத்தக அட்டை, துணிப்பை, கடைச்சுவர், கலியாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் கையால் வரைந்த படத்தை விரும்பிக் கேட்கிறார்கள்.

ஆனால், நம் வீட்டுப் பையன் படம் போட்டால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. "இது சோறு போடுமா?" என்று கேட்கிறோம்.

இது நியாயமா?

மணியம் தந்த முகம்

"பொன்னியின் செல்வன்" தொடர்கதையை 1950-ம் ஆண்டு கல்கி எழுதத் தொடங்கினார். அதற்குப் படம் போட்டவர், ஓவியர் மணியம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த குந்தவையை யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் வாரந்தோறும் கதை படித்தவர்களுக்குக் குந்தவையின் முகம் தெரியும். அது மணியம் கொடுத்த முகம்.

மணியம் 1968-ல் மறைந்தார். அவர் வரைந்த முகங்கள் மறையவில்லை.

காவல்காரர் கண்ட லண்டன்

மத்தியப் பிரதேசத்தில் பாடன்கர் என்று ஒரு கிராமம். அங்கே கோண்டு பழங்குடி மக்கள் வீட்டுச் சுவரில் சித்திரம் எழுதுவார்கள். பஜ்ஜு ஷ்யாம் அந்த ஊர்க்காரர். அவருடைய தாயார் சுவரில் படம் எழுதுவார். தாயாருக்குக் கை எட்டாத இடத்தில் பையன் எழுதுவான்.

வறுமை அவரை ஊரைவிட்டுத் துரத்தியது. மரக்கன்று நடக் குழி வெட்டினார். இரவுக் காவல்காரராக இருந்தார். பிறகு, ஓவியரான தம் சிற்றப்பா ஜங்கர் சிங் ஷ்யாமிடம் தொழில் கற்றார்.

ஓர் உணவு விடுதியின் சுவரில் சித்திரம் எழுத லண்டனுக்குப் போனார். போய்த் திரும்பிய கதையைப் படமாகவே வரைந்தார். ஆகாய விமானம் அவருக்குச் சிறகு முளைத்த யானையாகத் தெரிந்தது. பெரிய மணிக்கூண்டு சேவலாகத் தெரிந்தது. இரண்டும் நேரம் சொல்கின்றன அல்லவா! பஸ், விசுவாசமுள்ள நாயாகத் தெரிந்தது.

அந்தப் படங்களை 2004-ல் சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் புத்தகமாக வெளியிட்டது. 2018-ல் பஜ்ஜு ஷ்யாமுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சுவரில் கிறுக்கிய பையனை அந்தத் தாய் அடித்து விரட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

இயந்திரம் போதாதா?

"கம்ப்யூட்டரே நொடியில் படம் போட்டுத் தருகிறதே, மனிதன் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டர், மனிதர்கள் வரைந்த படங்களைக் கொண்டுதான் பழகியது. சேவல் கூவி விழித்த ஒருவர்தான் மணிக்கூண்டைச் சேவலாகக் கண்டார். அந்தக் கண், வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது.

எல்லாப் பிள்ளைகளும் பெரிய ஓவியர் ஆகிவிட மாட்டார்கள். உண்மைதான். கணக்குப் படித்த எல்லோருமா கணித மேதை ஆகிவிட்டார்கள்?

ஆகவே, நான் மூன்று பேரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களே! பிள்ளை வரைந்த தாளைக் கிழிக்காதீர்கள். படிப்போடு சித்திரமும் வளரட்டும்.

ஆசிரியர்களே! பரீட்சை வந்தது என்று சித்திர வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படம் வாங்குகிறவர்களே! பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். படத்தின் கீழே வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.

இவ்வளவும் செய்தால், படம் நிச்சயம் சோறு போடும்!