நிகழ்தகவும் நச்சுக்கடியும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும். அம்மலைமேல் உள்ள நாடுகள் பலவற்றுள் ஒன்று ஆலத்தூர் நாடு. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகளுக்கும் தம் குடில்களுக்கும் இடையே இருட்டிலும் நடந்து பழகியவர் மலைவாழ் மக்கள். பாம்பச்சம் அவர்களுக்குப் புதிதன்று. இரவில் அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சிப் ‘பூச்சி’ என்று கூறுவது தமிழ்நாட்டுச் சிற்றூர் வழக்கம்.

அத்தகைய ஊரில் ஒரு சிறுவனைப் பாம்பு தீண்டியதாகக் கொள்க. பெரியோர் கூடுவர். ‘பச்சிலை போதும், போன ஆண்டு இன்னாருக்கு அதில்தான் நஞ்சு இறங்கிற்று’ என்பார் ஒருவர். ‘மருத்துவமனைக்குத் தூக்குங்கள்’ என்பார் மற்றொருவர். மலையினின்று இறங்கும் சாலையிலோ 70 கொண்டையூசி வளைவுகள். இவ்வளவு பேச்சுக்கும் நடுவே கடிபட்ட சிறுவனிடம் எவரும் உண்மை கூறுவதில்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று தேற்றுவர். அல்லது அவன் காதுபடவே ஒப்பாரி வைப்பர். இரண்டும் தவறு. ‘ஆகலாம், ஆகாமலும் போகலாம், எது எத்துணை’ என்பதே அவனுக்கு உரைக்கத்தக்க மெய். அதனை அறியும் ஆற்றல் சிறுவர்க்கு உண்டா என்பதே கேள்வி.

‘ஒருகால்’ என்னும் தமிழ்ச்சொல்லை நோக்குக. ‘ஒரு முறை’ என்பதும் அதன் பொருள். ‘ஒருவேளை’ என்பதும் அதன் பொருள். ஐயத்தைக் குறிக்கும் சொல்லுக்குள் எண்ணிக்கையும் இருத்தல் எத்துணைப் பொருத்தம்! கணக்கு நூலோர் நிகழ்தகவு என்பதும் இதுவே. இத்தனை முறைக்கு இத்தனை முறை என்று ஐயத்தை அளப்பது அது.

சிறுவர் இதனைத் தாயக்கட்டையிலேயே கற்கின்றனர். கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் முகம் நான்கு, ஆகவே அவை விழும் வகை 16. அவற்றுள் தாயம் தருவன இரண்டே. எட்டில் ஒரு பங்கு என்று கணக்கிடத் தெரியாத குழந்தையும், தாயம் எளிதில் விழாது என்பதைக் கையால் அறியும். எனினும் அறிவு அவ்விடத்தில் வழுக்கவும் செய்யும். ஏழு முறை தாயம் விழாவிடின் எட்டாம் முறை விழுந்தே தீரும் என்று கருதாத சிறுவர் அரியர்; பெரியோரும் அரியரே! கட்டைக்கு நினைவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் என்பவருடன் சேர்ந்து குழந்தைகளின் தற்செயல் பற்றிய எண்ணத்தை ஆய்ந்து 1951ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். மிக இளையோர்க்கு இவ்வறிவு முழுமையாக வாய்ப்பதில்லை என்றும், பதினொன்று பன்னிரண்டு வயதளவில் அது முதிர்கிறது என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இது விளங்காது என்று கூறுவார் கூற்றுப் பொருந்தாது.

இனிப் பச்சிலையின் புகழை எண்ணிப் பார்க்க. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 54 இலட்சம் பேரைப் பாம்பு கடிப்பதாகவும், அவருள் நஞ்சேறுவோர் 18 முதல் 27 இலட்சம் வரை எனவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கேனும் நஞ்சே ஏறுவதில்லை. கடித்தது நஞ்சிலாப் பாம்பாக இருக்கலாம்; நச்சுப்பாம்பும் சிலபோது நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அப்பாதிப்பேர் பச்சிலை உண்டாலும் பிழைப்பர், மந்திரம் கேட்டாலும் பிழைப்பர், சும்மா இருந்தாலும் பிழைப்பர். பிழைத்தவர் ஊரெங்கும் சென்று தம் கதையைச் சொல்வர். இறந்தவர் வந்து சொல்வதில்லை. ‘பச்சிலையால் எத்தனை பேர் பிழைத்தனர்?’ என்பது அரைக் கேள்வி. ‘எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை பேர் பிழைத்தனர்? கொடாதவருள் எத்தனை பேர் பிழைத்தனர்?’ என்பதே முழுக்கேள்வி. மலைமக்களின் மூலிகையறிவை இகழ்வதற்காக இது கூறப்படவில்லை. அவ்வறிவுக்கும் எண்ணிக்கைதான் உரைகல். பாம்புக்கடியை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டதன் பயனும் இத்தகைய கணக்கே.

பாதிப்பேர் தாமே பிழைப்பர் எனின் வீட்டிலேயே காத்திருந்தால் என்ன? கூடாது. எந்தப் பாதியில் தான் இருப்பது என்பதைக் கடிபட்டவன் அறியான். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ தடமோ தோன்றாமலும் போகும். ஆகவே மருத்துவமனைக்குச் சென்று காத்திருத்தல் வேண்டும்.

சென்றவுடன் மருந்தேற்றவில்லையே என்று சினப்பவர் உளர். நச்சுமுறி மருந்து குதிரைக் குருதியினின்று எடுக்கப்படுவது. சிலர் உடல் அதனை ஏலாது, உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. நஞ்சேறாதவனுக்கு அம்மருந்தைக் கொடுத்தால் பயனின்றி இடர் மட்டுமே மிஞ்சும். நாய்க்கடியிலோ இக்கணக்குத் தலைகீழாகும். வெறிநாய் கடித்தவர் அனைவர்க்கும் நோய் வருவதில்லை. ஆயினும் நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. இக்காலத் தடுப்பூசியால் வரும் தீங்கோ மிகச் சிறிது. ஆகவே அங்கே குறிக்காகக் காத்திருத்தல் மடமை. 1885 ஜூலை 6ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் தடுப்பு மருந்து செலுத்தச் செய்தார்; அவன் பிழைத்தான். அவ்வொருவன் பிழைத்தது மட்டுமே சான்றாகுமா? ஆகாது, மருந்தின்றியும் அவன் பிழைத்திருக்கலாம். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில், 350 பேருக்குச் செலுத்தி ஒருவரையே இழந்ததாக அவர் அறிவித்தபோதுதான் எண்ணிக்கை பேசத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் எழுந்தது.

எண்களைக் கூறினால் குழந்தை அஞ்சும் என்பது பெற்றோர் வாதம். அது முற்றும் பொய்யன்று. ஆனால் பொய்த்தேறுதலுக்குப் பின் வரும் அச்சம் அதனினும் பெரிது. அப்போது மருத்துவர் சொல்லையும் குழந்தை நம்பாது.

ஆலத்தூர் நாட்டுச் சிறுவன் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறான் என்க. அவன் குருதியைச் சிறிது எடுத்துத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைப்பர். பின்னர்ச் சாய்த்துப் பார்ப்பர். உறையாது ஓடினால், விரியன் நஞ்சு ஏறியது எனக் கொண்டு மருந்தேற்றுவர். சிறுவன் என்று அளவைக் குறைப்பதில்லை. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை அன்றோ? உறைந்தால் அவ்வளவில் விடுவதும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் நஞ்சு குருதியை விட்டு நரம்பைத் தாக்கும். எனவே இமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று ஒரு நாள் முழுதும் பார்த்திருப்பர். அக்குழாய் எதற்கு, உறைந்தால் என்ன, உறையாவிடின் என்ன என்பதை அந்த 20 நிமிடத்திற்குள்ளேயே அவனுக்குச் சொல்லிவிடலாம்.