எங்கள் அம்மா பேரை இறக்குங்கள்

பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்குப் பக்கத்தில் அந்த ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் ‘வரி நிலுவைதாரர்கள்’. கீழே வரிசையாகப் பேர்கள். பதினோராவது பேர் எங்கள் அம்மாவுடையது. தெருப் பேர், கதவு எண் எல்லாம் போட்டு, எதிரே 4,312 ரூபாய்.

நான் புதூரில் வாக்கப்பட்டவள். அம்மா இருப்பது இதே கரிசல் காட்டில் வேறொரு ஊரில். அந்த ஊர்ப் பேரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு அவள் வாசலில்தான் போய் நிற்பார்கள். எழுபத்திரண்டு வயது அவளுக்கு. நாற்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய கை. நானூறு சதுர அடிகூடத் தேறாத ஓட்டு வீடு. பலசரக்குக் கடையில் சில்லறை இல்லையென்று இரண்டு ரூபாய் பாக்கி நின்றால், சாயங்காலமே போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் பேரையா ஊரே பஸ் ஏறுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டீர்கள்? கட்டியவர்களுக்குத் தாய் இல்லையா?

அந்தக் கடன் அவள் கடனே இல்லை. இரண்டு வருஷ வீட்டு வரியை வீடு தேடி வந்தவரிடம் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். கையால் எழுதிய ரசீதுகள் மஞ்சள் பையில் சுருட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கின்றன. கார்பன் மை மங்கிப்போனாலும் தேதி தெரிகிறது, தொகை தெரிகிறது, அடியில் கையெழுத்து தெரிகிறது. அவற்றை எடுத்துக்கொண்டு வரி ஆபீஸுக்கு மூன்று தடவை போனேன். “இது கம்ப்யூட்டர்ல ஏறலம்மா. கம்ப்யூட்டர் என்ன காட்டுதோ அதைத்தான் நாங்க வசூல் பண்ண முடியும்.” மூன்று தடவையும் இதே பதில்தான். வாங்கிய பணத்தை ஏற்றாமல் விட்டது யார் தப்பு? அதற்கு மட்டும் அந்த மேஜையில் பதில் கிடையாது.

மீதிப் பணம் குழாய் வரி. அம்மா காலண்டரில் தண்ணீர் வந்த நாளுக்கெல்லாம் பேனாவால் வட்டம் போட்டு வைப்பாள். தேதி மறந்தால் குடத்தை எப்போது இறக்கி வைப்பது என்று தெரியாதே, அதற்காக. அந்தக் காலண்டரைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தேன். மாசத்துக்கு மூன்று வட்டம். சித்திரையில் ஒன்றே ஒன்று. மற்ற நாளெல்லாம் லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய். வராத தண்ணீருக்கும் மாசக் கட்டணம் ஒரு ரூபாய் குறையாமல் பாக்கியில் ஏறியிருக்கிறது. போன மாசம் ரோட்டோரம் தோண்டி அந்தக் குழாயையும் அடைத்துவிட்டுப் போனார்கள். நோட்டீஸ் எதுவும் அவள் கைக்கு வரவில்லை. கடப்பாரைதான் வந்தது.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியக் காலை தெருக் கூட்டுகிறவர்களுக்கு அதில்தான் சம்பளம், தெரு விளக்கு அதில்தான் எரிகிறது. தெரியும். ஆனால் உங்கள் கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டு அரையாண்டாகப் போகிறது. ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்கிறீர்கள். தவறினால் மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி என்கிறீர்கள். கரிசல் காட்டில் அக்டோபர் என்றால் என்னவென்று ஒரு தடவையாவது வந்து பார்த்தீர்களா? புரட்டாசி, ஐப்பசி. காதில் கிடந்த கம்மல் அடகுக்குப் போய், விதையாகவும் உரமாகவும் மண்ணுக்குள் கிடக்கிற மாசம். உளுந்தும் பாசியும் தையில், மிளகாயும் பருத்தியும் மாசி பங்குனியில். வானம் பார்த்த பூமியில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மடி நிறையும். அதுவும் மழை மனசு வைத்தால். மாசச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்த 5 சதவீதம் கிடைக்கும். எங்களுக்கு வாய்ப்பதெல்லாம் அந்த 1 சதவீதம்தான்.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம்தானே என்றார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று நாடே பேசியது. எங்கள் புதூர்ப் பக்கம் உளுந்தும் பாசியும் நின்ற நிலையில் அழுகியதை யார் பேசினார்கள்? மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். உழவுக்கூலிக்குக் காணுமா அது? பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிவிட்டு எத்தனை நாள் பேங்க் வாசலில் நின்றேன்! எனக்கு வர வேண்டியது தாமதமானபோது எந்த ஃபிளெக்ஸில் யார் பேரைக் கட்டினார்கள்?

ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் தெரு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்வாரியத்துக்கு வைத்திருக்கிற பாக்கி கோடிக் கணக்கில் என்று பேப்பரில் வருகிறது. அதற்குக் கடிதம் போகிறது, கால அவகாசம் கிடைக்கிறது. வரி அதிகம் என்று பெரிய கட்டடக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்குகிறார்கள். அதற்கும் அவகாசம் உண்டு. அவகாசம் இல்லாதது 4,312 ரூபாய்க்கு மட்டும்தானா? தவணை கேட்டேன். வெள்ளாமை வீட்டுக்கு வரட்டும், தையில் நானே கட்டிவிடுகிறேன், ரசீதை மட்டும் சரிபாருங்கள் என்றேன். முழுசாகக் கட்டினால்தான் குழாய், மறு இணைப்புக்குத் தனிப் பணம் என்றார்கள்.

ஜப்தி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கம் இன்றைக்கும் கிழவிகளுக்குக் கை நடுங்கும். கடன் பாக்கிக்காக வீட்டுப் பாத்திரத்தையும் கதவையும் தூக்கிப் போன காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஜப்தியை எதிர்த்து விவசாயிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் உயிர் விட்டதே கோவில்பட்டியில்தான். இப்போது அண்டா குண்டாவைத் தூக்குவதில்லை. பேரைத் தூக்கிப் போய்ச் சந்தியில் கட்டுகிறார்கள். அண்டா போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா இப்போது பஸ் ஸ்டாண்டு வழியாகப் போவதில்லை. ரேஷன் கடைக்குக்கூடக் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். “ஏ தாயி, கம்மலை வித்தாவது கட்டிரு. பேரு அங்க கெடக்க வேணாம்” என்கிறாள். கட்டிய பணத்தை இன்னொரு தடவை கட்டச் சொல்கிறாள் என் தாய்!

கட்ட மாட்டேன். ரசீதுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறேன். அதில் கிடக்கிற கையெழுத்து யாருடையது என்று பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் வந்த நாளுக்குக் காலண்டர் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணி, நியாயமாக நிற்கிற பாக்கியைச் சொல்லுங்கள், தருகிறேன். அதற்கு முன்னால் அவள் பேரை இறக்குங்கள். ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போகக் கூடாது. ஊர் பார்க்க ஏற்றினீர்கள், ஊர் பார்க்க இறக்குங்கள்.