டபுள் ஷாக்கர் கண்டிப்பா வேணுமா, பாஸ்?

"இருபதாயிரத்துக்குள்ள ஃபுல் சஸ்பென்ஷன் எம்டிபி எது நல்லா இருக்கும்?" இந்த செமஸ்டர்ல மட்டும் நாலு பேர் என்கிட்ட கேட்டாச்சு. நாலு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். எதுவும் நல்லா இருக்காது, வாங்காதீங்க. அடிக்க வர்றதுக்கு முன்னாடி காரணத்தைக் கேட்டுடுங்க.

கடையில 'டபுள் ஷாக்கர்'னு காட்டுற வண்டியும், யூடியூப்ல மலையிலிருந்து பறந்து இறங்குற வண்டியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனா உள்ளே இருக்கிற விஷயம் வேற. கடை வண்டியில சீட்டுக்குக் கீழ பளிச்சுனு கலர் அடிச்ச ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். ஸ்பிரிங்கோட குணம் என்ன? வாங்கின ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதை வெப்பமா மாத்திக் கரைக்க ஒரு டேம்பர் வேணும். டேம்பர் இல்லாத வண்டி பள்ளத்துல இறங்கினா அதிர்ச்சியை விழுங்காது, அரை நொடி கழிச்சு உங்க இடுப்புக்கே திருப்பி அனுப்பும். வைப்ரேஷன்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்ககூட இதை நம்பலாம்.

கடையிலேயே சோதிச்சுப் பாருங்க. சீட்டை ரெண்டு கையாலயும் நல்லா அழுத்தி, சட்டுனு விடுங்க. நிதானமா மேல வந்து நின்னா உள்ளே டேம்பர் இருக்குன்னு அர்த்தம். டிங்குனு துள்ளினா அது வெறும் ஸ்பிரிங். அழுத்தியும் அசையவே இல்லையா? அதுவும் நடக்கும். ஸ்பிரிங் மேல 750 மாதிரி ஒரு எண் அடிச்சிருப்பாங்க. ஒரு இஞ்ச் அமுங்க எத்தனை பவுண்டு விசை வேணும்ங்கிற கணக்கு அது. ஹாஸ்டல் சாப்பாட்டுல 55 கிலோவுல நிக்கிற உடம்புக்கு அந்த ஸ்பிரிங் ஏதோ சம்பிரதாயத்துக்குத்தான் அசையும். நல்ல ஏர் ஷாக்கா இருந்தா உங்க எடைக்கு ஏத்த மாதிரி காத்தை ஏத்தி இறக்கலாம். நீங்க ஏறி உட்கார்ந்ததும் அது மொத்தமா அமுங்கக்கூடிய தூரத்துல கால்வாசி, முப்பது சதவீதம் அமுங்குற மாதிரி செட் பண்ணுவாங்க. இருபதாயிரம் ரூபா வண்டியில அந்த வசதிக்கு இடமே இல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு. தொகை அதே இருபதாயிரம்தான். அதுக்குள்ள பின் ஷாக், அதைத் தாங்குற ஆடும் ஃப்ரேம், பிவட், புஷ் எல்லாம் சேர்க்கணும்னா அந்தக் காசு வேற எங்கேயாவது இருந்துதானே வரணும்? பிரேக்ல இருந்து வரும், ஹப்ல இருந்து வரும், ரிம்ல இருந்து வரும். எடையும் பதினெட்டு, பத்தொன்பது கிலோன்னு ஏறிடும். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் ஊஞ்சல் ஆடும். நீங்க மிதிக்கிற மிதியில ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போயிடும். அமெரிக்காவுல சூப்பர் மார்க்கெட்ல விக்கிற இந்த வகை வண்டிகள் பலதுல 'கரடுமுரடான பாதையில் ஓட்டாதீர்கள்'னு ஸ்டிக்கரே ஒட்டியிருப்பாங்க. மவுண்டன் பைக்னு பேர் வெச்சுட்டு மலைக்குக் கொண்டு போகாதேன்னு சொல்றாங்க. அந்த நேர்மையாவது இருக்கு.

சரி, எங்க ஓட்டப் போறோம்னு யோசிச்சீங்களா? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். வழியில என்ன வரும்? தார் ரோடு, ஸ்பீடு பிரேக்கர், மழை முடிஞ்சதும் திறந்துக்கிற பள்ளம், ஏரிக்கரைச் செம்மண், கடைசியில சவுக்குத் தோப்பும் மணலும். இந்த ரூட்ல பெரிய மலைன்னா திருக்கழுக்குன்றம்தான். அதுக்கும் ஐநூறுக்கு மேல படிக்கட்டு இருக்கு, அதுல யாரும் சைக்கிளை இறக்கப் போறதில்ல. ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டின குன்றுகள்ல 'ட்ரெயில்' கிடைக்குமான்னு பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வண்டலூர் பக்கம் நிறைய இடம் காப்புக்காடு, அனுமதி இல்லாம நுழையக்கூடாது.

இதே ரோட்டுல காலையில எட்டரை மணிக்கு நின்னு பாருங்க. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்ல, கேரியர்ல பையையும் சில நேரம் ஒரு தம்பியையும் வெச்சுக்கிட்டு பிளஸ் ஒன் பசங்க போவாங்க. ஒரு ஷாக்கர்கூட கிடையாது. அந்தப் பள்ளத்தைத்தான் நாம டபுள் ஷாக்கர் இல்லாம தாண்ட முடியாதுன்னு சொல்லிட்டிருக்கோம்.

மவுண்டன் பைக்கிங் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1976-ல கலிஃபோர்னியாவோட மரின் கவுன்ட்டியில கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் மாதிரி ஆட்கள் பழைய தடிச் சைக்கிள்களை மலை மேல தள்ளிட்டுப் போய், 'ரீபேக்'னு ஒரு ரேஸ்ல இறங்கினாங்க. இறங்கி முடிக்கிறதுக்குள்ள பின் ஹப் பிரேக்ல இருக்கிற கிரீஸ் கொதிச்சுப் புகையாப் போயிடும், மறுபடி கிரீஸ் அடைக்கணும். பேரே அதிலிருந்துதான் வந்தது. சஸ்பென்ஷன்னு ஒண்ணு எங்கேயுமே இல்ல. ராக்‌ஷாக்ஸ் கம்பெனியோட முதல் ஃபோர்க் வந்ததே 1989-லதான். ஒலிம்பிக்ல 1996-ல மவுண்டன் பைக் சேர்ந்தும், ஆண்கள் பிரிவுல ஃபுல் சஸ்பென்ஷன் தங்கம் வாங்க 2012 லண்டன் வரைக்கும் ஆச்சு, செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி மூலமா.

ஃபுல் சஸ்பென்ஷனே வேஸ்ட்னு நான் சொல்ல வரல. ஏற்காடு, நீலகிரி பக்கம் வாராவாரம் கல்லுப் பாதையில இறங்குற ஆள்னா அது தேவைதான். அப்போ ஜயன்ட் ஸ்டான்ஸ், பாலிகான் சிஸ்கியூ மாதிரி இருக்கிறதுலயே ஆரம்ப நிலை வண்டியைப் பாருங்க. புதுசுன்னா ஒரு லட்சத்தைத் தாண்டும். ஸ்டான்ஸ்ல ஒரு அழகான இன்ஜினியரிங் இருக்கு: பின் முக்கோணத்துல ஒரு பிவட்டையே எடுத்துட்டு, அலுமினியக் குழாயையே கொஞ்சம் வளைய விட்டிருக்காங்க. செலவைக் குறைக்கிறதுன்னா இப்படிக் குறைக்கணும். வேலைக்குப் போய் முதல் வருஷம் சேர்த்து வாங்குங்க, தப்பே இல்ல.

இப்ப கையில இருக்கிறது இருபதாயிரம்தான்னா, பின்னாடி ஷாக் இல்லாத ஹார்ட்டெயில், இல்லேன்னா முன்னாடியும் ஷாக் இல்லாத ரிஜிட் வண்டி. எனக்கு ரிஜிட்தான் பிடிக்கும். கெத்து கம்மி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் காசுக்கு நல்ல ஹப்பும் நம்பி அழுத்தக்கூடிய பிரேக்கும் கிடைக்கும். முக்கியமா பார்க்க வேண்டியது ஃப்ரேம் சைஸ். குழாயின் மேல கால் விரிச்சு நின்னா இடையில ரெண்டு மூணு விரல் இடமாவது இருக்கணும். அடுத்து, ஃபோர்க்குலயும் செயின் ஸ்டேயிலயும் 2.1 இஞ்ச் டயர் தாராளமா நுழையுதான்னு பாருங்க. ஏன்னா நம்ம ஊருக்கு உண்மையான சஸ்பென்ஷன் டயர்தான். கடைக்காரர் கல்லு மாதிரி காத்தடிச்சுக் கொடுப்பார். அறுபது கிலோ ஆளுக்குச் செம்மண் ரோட்டுல 30 பிஎஸ்ஐ பக்கம் போதும், மணலுக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ரொம்ப இறக்கினா ட்யூப் ரிம்முல நசுங்கி ரெண்டு ஓட்டை விழும், அதனால பஞ்சர் கிட் பையில இருக்கட்டும். பள்ளம் வந்தா சீட்டை விட்டு எழுந்து முட்டியை மடக்குங்க, முதுகுவலி பிரச்சனை பாதி அங்கேயே தீர்ந்துடும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆயிடுச்சு (ரோடும் ஜிஎஸ்டி, வரியும் ஜிஎஸ்டி, நம்ம ஊர் ராசி). வரியோட இருபதாயிரமா இருந்த வண்டி அதே கணக்குல 18,750 ஆகணும். மிச்சம் 1,250-ல ஹெல்மெட் வாங்கிடுங்க.

கடைசியா, உப்பு. கோவளத்துலயோ மாமல்லபுரத்துலயோ கடற்கரை மணல்ல ஓட்டிட்டு வந்தா அன்னிக்கே நல்ல தண்ணியால கழுவி, துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடணும். ரிஜிட் வண்டின்னா பத்து நிமிஷ வேலை. டபுள் ஷாக்கர்ல ஒவ்வொரு பிவட்லயும் மணலும் உப்பும் ஒளிஞ்சுக்கும், கொஞ்ச நாள்ல கிரீச் சத்தம், அப்புறம் ஆட்டம். எங்க ஹாஸ்டல் ஷெட்ல அப்படி ஒண்ணு மூணாவது செமஸ்டர்ல இருந்து நிக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் அண்ணன் பஞ்சர், பேரிங், கோட்டம் எல்லாம் பார்ப்பார். இதைப் பார்த்ததும் "இதுக்குப் பார்ட்ஸ் வராதுப்பா"ன்னு சொல்லிட்டார். வேணும்னா வந்து அந்த சீட்டை ஒரு தடவை அழுத்திப் பார்த்துட்டுப் போங்க, அப்புறம் கடைக்குப் போகலாம்.