வேனில் விடுமுறையும் சிறு குழந்தைகளும்

சித்திரை பிறந்ததும் பள்ளிக்கூடங்கள் கதவடைக்கின்றன. இல்லந்தோறும் ஒரு வழக்குத் தொடங்குகின்றது. "எங்கே அழைத்துப் போவீர்கள்?" என்று குழந்தைகள் கேட்பர். தந்தையார் பணப்பையை நோக்குவார். தாயார் தந்தையாரை நோக்குவார். தீர்ப்புப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே முடிகின்றது. கடன்பட்டேனும் உதகைக்கோ ஏற்காட்டிற்கோ போய்வருவது ஒன்று; "இவ்வாண்டு இயலாது" என்று கூறிக் கைபேசியைக் குழந்தையின் கையிற் கொடுத்து அடக்கிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டினும் நல்லதாகிய மூன்றாவது வழியொன்று நம் வாயிலிலேயே கிடக்கின்றதென்பது எம் கருத்து. திருக்கோவிலூரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்க முயல்வோம்.

மலைநகரங்களை யாம் பழிக்கவில்லை. பொருளும் ஓய்வும் உடையார் போய்வருக. ஆயினும், உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்வோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் ஆணையிட நேர்ந்த அளவிற்கு அங்கே வண்டிகளின் நெரிசல் மிகுந்துவிட்டது. நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பயணத்தில் நினைவில் நிற்பது யாது? மலைவளைவுகளில் வந்த குமட்டலும், நகராது நின்ற வண்டியுமே அன்றோ? அவ்வயதிற்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. அளைதற்கு மணல், கால் நனைத்தற்குச் சிறிது நீர், ஏறுதற்கு ஒரு பாறை, கேட்ட கேள்விக்கு எரிச்சலின்றி விடை கூறும் பெரியவர் ஒருவர்: இவ்வளவே அதற்கு வேண்டுவன. கடைசியிற் சொன்னதே கிடைத்தற்கு அரிது.

இவை யாவும் தென்பெண்ணையாற்றங்கரையில் உள. கோடையில் ஆறு பெரும்பாலும் மணற்பரப்பாய், ஓரத்தில் மெல்லிய நீரோட்டமாய்க் கிடக்கும். ஞாயிறு எழுமுன் புறப்பட்டுக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலை அடைந்தால், அதற்கு அணித்தே ஆற்றின் நடுவில் நிற்கும் கபிலர் குன்றைக் காணலாம். பெருங்குன்றன்று; சிறியதொரு கோயிலைத் தலையில் தாங்கிய ஒரு பாறை. பறம்பின் வேந்தன் பாரி மாண்டபின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு புகலிடம் தேடி அலைந்த கபிலர், தம் உயிர் துறந்த இடம் இதுவென வழங்குகின்றனர். வெறும் செவிவழிச் செய்தியென்று தள்ளிவிடற்கில்லை. பாரிமகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தாரெனும் செய்தியை, 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று அவ்வீரட்டானத்திலேயே கூறுகின்றது. தந்தையை இழந்த பெண்மக்களுக்காகப் புலவர் ஒருவர் ஊரூராய் நடந்த கதையை, அக்கல்லைக் காட்டிச் சொல்லுங்கள். குழந்தை கேட்கும் அடுத்த கேள்விக்கு எந்தப் பாடநூலும் விடை தராது. நீங்களே விடை தேட வேண்டியிருக்கும்.

இவ்வூரை ஆண்ட மலையமான் மரபினரைப்பற்றியும் குழந்தைகட்குரிய செய்தி ஒன்று புறநானூற்றில் உண்டு. மலையமான் மக்களாகிய சிறுவரை யானைக் காலில் இடப் புகுந்தான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் இடைபுகுந்து பாடி அவர்களைக் காத்தார். யானையைக் கண்டு அழுத அச்சிறுவர், பின்பு அழுகையை மறந்து மன்றத்தை மருண்டு நோக்கினர் என்கின்றார் அவர். புதுமையைக் காணுங்கால் அச்சத்தையும் மறந்து நோக்குவது குழந்தை இயல்பு என்பதை அறிந்த புலவர் போலும்!

ஊருக்குள்ளே உலகளந்த பெருமாள் கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து நிலைகளை எண்ணச் செய்வதே ஒரு விளையாட்டு. முதலாழ்வார் மூவரும் மழையிரவொன்றில் இங்கே ஓர் இடைகழியில் ஒதுங்கினர் என்பதும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அவ்விடம் இருந்ததென்பதும் பலரும் அறிந்த கதை. வீட்டுத் திண்ணையில் அளவு குறித்து மூன்று குழந்தைகளை நிறுத்திப் பாருங்கள். அரைமணி நேரம் சிரிப்பொலி ஓயாது.

ஆற்றின் மறுகரையில் அறையணிநல்லூர் என்னும் அரகண்டநல்லூர். திருஞானசம்பந்தர் பாடிய கோயில் ஒன்று பாறைமேல் நிற்கின்றது. பாறையைக் குடைந்த குடைவரையும் அருகில் உண்டு. சம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைத் தொழுதார் என்பர். வானம் தெளிந்த காலையில் வடமேற்கே அம்மலையை முதலிற் கண்டுபிடிப்பவர்க்கு ஒரு நுங்கு என்று பந்தயம் கட்டலாம். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் திருக்கோவிலூர் நிலையம் இக்கரையில்தான் அமைந்துள்ளது. இரயிலையே பாராத குழந்தைக்கு விழுப்புரம்வரை போய் மீள்வதே பெரும் பயணம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு அதிற் சீட்டு வேண்டா. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆக, தாயும் இரு குழந்தைகளும் ஆற்றங்கரை சென்று வருதற்கு ஆகும் செலவு நுங்குக்கும் கடலைக்குமே.

சற்றே வளர்ந்த பிள்ளைகளைச் சம்பைக்கு அழைத்துச் செல்லலாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் தாங்கிய தமிழ்பிராமிக் கல்வெட்டு 1981இல் அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. கல்வராயன் மலையும் சாத்தனூர் அணையும் ஒருநாட் பயணமே. ஆனால் கடுங்கோடையில் மலையருவிகள் மெலிந்துவிடும் என்பதை முன்னரே குழந்தைகளிடம் சொல்லிவிடுவது நன்று.

இனி, யாம் இதனை எழுதத் துணிந்ததற்கு உண்மைக் காரணத்தைக் கூறுகின்றோம். குழந்தைகளை நாம் ஆற்றிற்கு அழைத்துச் செல்லாவிடினும் அவர்கள் போகவே போகின்றனர். கோடைதோறும் ஆற்றுக் குழிகளிலும் குளங்களிலும் கைவிடப்பட்ட கல்வெட்டாங்குழிகளிலும் சிறார் மூழ்கி இறந்த செய்தி நாளிதழில் வாராத ஆண்டில்லை. அவர்களுட் பலர் பெரியவர் துணையின்றிச் சென்றவர்கள். ஆற்று மணல் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் சாத்தனூர் அணையினின்று விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. அத்தகைய வெள்ளத்திற்குப்பின் சென்ற ஆண்டு முழங்காலளவு இருந்த இடம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்குமென்று யாரும் உறுதி கூறவியலாது. மணல் அள்ளிய குழிகளோ மேலே தெளிந்த நீருடன் அழகாகவே தோன்றும். ஆதலின், பெரியவர் முதலில் இறங்கிக் கோலால் ஆழம் பார்த்த இடத்தன்றி வேறெங்கும் குழந்தை கால்வைத்தலாகாது. கணுக்காலளவு நீரே போதும். அப்போதும் கைக்கெட்டும் தொலைவில் நிற்றல் வேண்டும். கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்பது காவலன்று. வெயில் ஏறுமுன், ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுக.

நகரமன்றத்தாரிடமும் ஊராட்சியாரிடமும் யாம் கேட்பது பெரிதன்று. செயற்கை நீரூற்றும் வண்ண விளக்கும் வேண்டா. கரையில் பத்து வேப்பமரம், குடிநீர்க் குழாய் ஒன்று, மகளிர் கூசாது நுழையத்தக்க கழிப்பிடம் ஒன்று, ஆழமான குழிகளைச் சுற்றி முள்வேலியும் சிறுவர்க்கும் விளங்கும் எச்சரிக்கைப் பலகையும். கழிப்பிடம் இல்லாமையாலேயே தாய்மார் பலர் எங்கும் வர மறுக்கின்றனர் என்பதை ஆடவராகிய நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று சிறு குழந்தைகளின் பெற்றோர். இப்போது பயில்வோரோ விடுமுறைக்கு ஊர் திரும்பி, பகலெல்லாம் உறங்கி, மாலையில் சலிப்படைபவர் என்று அவர்தம் அன்னையரே கூறக் கேட்டிருக்கின்றோம். தெருவிலுள்ள குழந்தைகள் நால்வரை, பெற்றோரின் இசைவு பெற்று, வாரத்தில் ஒருநாட் காலை கபிலர் குன்றுவரை அழைத்துச் செல்ல இவர்களால் இயலாதா? நீந்தத் தெரிந்தவர் ஒருவரேனும் உடன் செல்க. வரும் வழியில் நுங்கு விற்பவரிடம் வெறுங்கூடுகள் கேட்டால் இலவசமாகவே தருவார். இரண்டு கூடும் ஒரு குச்சியும் இருந்தால் வண்டி ஆயிற்று.