திருப்தி என்று சொன்னீர்களே

அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சடங்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். ஜட்ஜ் வரிசையாகக் கேட்பார். போதை மருந்து, மது ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? இல்லை. யாராவது மிரட்டினார்களா? இல்லை. ஜூரி விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள், தெரியுமா? தெரியும். உங்கள் வக்கீலின் வேலையில் திருப்திதானா? திருப்தி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று வக்கீல் வராந்தாவிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார். "நடுவுல எதுவும் கேட்டுடாதீங்க, பேரம் கலைஞ்சிடும்" என்றும் சொல்லியிருப்பார்.

பிறகு ஒருநாள், வக்கீல் சொன்னது தவறு என்று தெரிய வருகிறது. பரோல் பாதித் தண்டனைக்குப் பிறகுதான், மூன்றில் ஒரு பங்குக்குப் பிறகு அல்ல. அல்லது கிரீன் கார்டு போகிறது. தவறான ஆலோசனையால்தான் ஒப்புக்கொண்டேன், ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டால், அரசுத் தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சில நிமிடங்களின் பதிவைத்தான். திருப்தி என்று சொன்னீர்களே!

திறந்த நீதிமன்றத்தில் சொன்ன சொல் உண்மை என்றே வலுவாக அனுமானிக்கப்படும் என்று 1977இல் பிளாக்லெட்ஜ் எதிர் ஆலிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது. அந்த வழக்கில் ஜெயித்தது கைதிதான். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் அரசுத் தரப்பின் சொத்தாகிவிட்டது. வக்கீல் தந்த தகவல் சரியா தவறா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத நேரத்தில் அவருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அது. அதை அவருடைய பிழைக்கே கவசமாக மாட்டிவிடுவது நியாயமா? மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வடிவம் பழக்கம்தான். நாற்பது பக்க நிபந்தனைகளுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று. யாரும் படிப்பதில்லை என்பது பெட்டியை வைத்தவருக்கும் தெரியும், தட்டுகிறவருக்கும் தெரியும். அங்கே போனால் போகட்டும், போவது ஒரு செயலி.

விசாரணை என்றால் சினிமாவில் வருவது மாதிரி ஜூரி, குறுக்கு விசாரணை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்ற ஒப்புதல் வழியாக வந்தவை என்று நீதிபதி கென்னடி 2012 தீர்ப்பில் குறிப்பிட்டார். ஆக, அமெரிக்கக் குற்றவியல் நீதி என்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்கள்தான். அதற்கு முந்தைய பேரத்தில் வக்கீல் என்ன சொன்னார் என்பதே முழு வழக்கும்.

வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு அரசு ஒருவரைத் தர வேண்டும் என்ற உரிமை 1963இல் கிடியன் வழக்கில் வந்தது. ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிடியனின் கதை பலருக்குத் தெரியும். வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். ஆனால் வெறுமனே ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் போதுமா? எவ்வளவு மோசமான வக்கீல் வக்கீலே இல்லாததற்குச் சமம்? இதற்கு 1984இல் ஸ்ட்ரிக்லண்ட் எதிர் வாஷிங்டன் வழக்கில் பதில் வந்தது. நீதிபதி ஓ'கானர் எழுதிய அளவுகோலுக்கு இரண்டு கால்கள். வக்கீலின் வேலை நியாயமான தரத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். அப்படிப் போகாதிருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டையும் நிரூபிப்பது கைதியின் பொறுப்பு. இந்த அளவுகோல் எப்படி வேண்டுமானாலும் வளையும், நடைமுறையில் எதையும் பிடிக்காது என்று நீதிபதி மார்ஷல் தனியே மறுத்து எழுதினார். தீர்ப்பு மே மாதம் வந்தது. வாஷிங்டனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது ஜூலையில்.

அடுத்த ஆண்டே, ஹில் எதிர் லாக்ஹார்ட் வழக்கில், இந்த அளவுகோலைக் குற்ற ஒப்புதலுக்கும் பொருத்தினார்கள். மேலே சொன்ன பரோல் கணக்கு இந்த ஆர்கன்சா கைதியுடையதுதான். வக்கீல் தப்பாகச் சொன்னார், சரி. ஆனால் சரியாகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளாமல் விசாரணைக்கே போயிருப்பேன் என்று ஹில் தன் மனுவில் சொல்லவில்லை. மனு தள்ளுபடி. அன்றிலிருந்து பொதுவான கேள்வி இதுதான்: வக்கீல் பிழை செய்யாமலிருந்தால், நீ விசாரணைக்குப் போயிருப்பாயா?

எனக்குச் சண்டையே இந்தக் கேள்வியோடுதான். நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கேட்கிறது இது. பிழையின் விளைவாக எந்த விசாரணை நடக்காமல் போனதோ, அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, அன்றைக்கு நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்று நிரூபிக்கச் சொல்கிறது. ஒரு சர்வர் விழுந்தால் எங்கள் தொழிலில் எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்ப்பார்கள். எப்படியும் வாடிக்கையாளர் வாங்கியிருக்கமாட்டார், அதனால் சர்வர் விழவே இல்லை என்று அறிக்கை எழுதினால் சிரிப்பார்கள். பல கீழ் நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. உனக்கு எதிரான சாட்சியம் வலுவாக இருக்கிறது, விசாரணைக்குப் போனாலும் தோற்றிருப்பாய், ஆகவே உனக்கு நஷ்டம் எதுவுமில்லை என்றன.

இந்த வாதத்தை உடைத்தது 2017இல் வந்த லீ வழக்கு. ஜே லீ தென்கொரியாவில் பிறந்து, 13 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். மெம்பிஸ் நகரில் உணவகம் நடத்தினார். குடியுரிமை வாங்கவில்லை, கிரீன் கார்டுதான். வீட்டில் எக்ஸ்டஸி மாத்திரைகள் பிடிபட்டன. தன்னுடையவைதான், நண்பர்களுக்கும் கொடுத்திருக்கிறேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். விசாரணையில் ஜெயிக்க ஏறத்தாழ வழியே இல்லை. அவர் வக்கீலிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: என்னை நாடுகடத்துவார்களா? மாட்டார்கள் என்றார் வக்கீல். அந்தக் குற்றத்துக்கு நாடுகடத்தல் கட்டாயம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. லீ ஒப்புக்கொண்டார், ஓராண்டும் ஒரு நாளும் சிறை. அப்புறம்தான் உண்மை தெரிந்தது.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்தன. உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்று லீ ஜெயித்தார். சில ஆண்டு கூடுதல் சிறையைவிட நாடுகடத்தப்படுவதே ஒருவருக்குப் பெரிய தண்டனையாக இருக்கலாம், அப்படிப்பட்டவர் நூலிழை வாய்ப்புக்காகவும் விசாரணைக்குப் போவது பகுத்தறிவுக்கு ஒவ்வாததல்ல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நல்ல தீர்ப்பு. கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் லீ ஏன் ஜெயித்தார் என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

ஒப்புதல் சடங்கின்போது ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டார். இதனால் நீங்கள் நாடுகடத்தப்படலாம், அது உங்கள் முடிவைப் பாதிக்கிறதா? லீ ஆமாம் என்றார். எப்படிப் பாதிக்கிறது என்று ஜட்ஜ் கேட்டதும் புரியாமல் வக்கீல் பக்கம் திரும்பினார். இது வழக்கமான எச்சரிக்கைதான் என்றார் வக்கீல். சடங்கு தொடர்ந்தது. அந்த ஒரு 'ஆமாம்' பதிவில் நின்றது. பிறகு வக்கீலும் கோர்ட்டில் நேர்மையாகச் சாட்சி சொன்னார்: நாடுகடத்தல் உறுதி என்று தெரிந்திருந்தால் விசாரணைக்கே போகச் சொல்லியிருப்பேன் என்று. பின்னால் சொல்லும் கதையை நம்பிக்கொண்டு ஒப்புதலை ரத்து செய்யக்கூடாது, அன்றைக்கே இருந்த சான்று வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். லீயிடம் அது இருந்தது. வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகத் தலையாட்டியவரிடம் என்ன இருக்கும்? சடங்கில் தடுமாறியவருக்கு நிவாரணம், கீழ்ப்படிந்தவருக்குக் கதவடைப்பு.

வக்கீல் இப்படி நேர்மையாக வந்து நிற்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என் வக்கீல் சரியில்லை என்று மனுப் போட்ட கணமே, அது சம்பந்தமாக அவரிடம் பேசிய ரகசியங்களுக்கான பாதுகாப்பு போய்விடுகிறது. அரசுத் தரப்பு அவரிடமே பிரமாணப் பத்திரம் வாங்கலாம். தன் தொழில் பெயர் கெடாமல் காப்பாற்றிக்கொள்ள எந்த மனிதருக்கும் ஆசை இருக்கும். "விவரமாகத்தான் சொன்னேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் பக்கம் ஒரு வழக்கறிஞரின் சொல், இந்தப் பக்கம் ஒரு குற்றவாளியின் சொல், நடுவில் 'திருப்தி' என்ற பதிவு.

தனி வக்கீல்களைத் திட்டி ஆகப்போவது எதுவுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசுச் செலவில் வாதாடும் வக்கீல் ஒருவருக்கு ஆண்டுக்கு 150 பெருங்குற்ற வழக்குகளுக்கு மேல் கூடாது என்று 1973இலேயே ஒரு தேசியக் குழு வரையறுத்தது. அதுவே வழக்குக்கு இரண்டு நாள்கூட இல்லை. பல ஊர்களில் அந்த வரம்பைக்கூட மதிப்பதில்லை. இப்படி ஒரு வேகத்தில் ஓடும் இயந்திரத்தில், டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் என்ன நடந்தது என்று பாருங்கள். போதைப்பொருள் வழக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிடிபட்ட பொருள் போதைப்பொருளே அல்ல என்று ஆய்வகம் பிறகு சொன்னது. 'குற்றம் செய்யாதவன் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறான்?' என்று கேட்பவர்கள் அந்த ஊருக்கு ஒருமுறை போய் வரலாம்.

சரி, பிழையை நிரூபிக்க எவ்வளவு அவகாசம்? 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஃபெடரல் கோர்ட்டில், தண்டனை இறுதியானதிலிருந்து பொதுவாக ஓராண்டு. அந்த மனுவை எழுத வக்கீல் கேட்கும் அரசியலமைப்பு உரிமை கிடையாது. வக்கீல் சரியில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வக்கீல் இல்லாமலே நிரூபிக்க வேண்டும்! மாநில அளவில் இரண்டாவதாக வந்த வக்கீலும் கோட்டைவிட்டால், அவர் சேர்க்காத சான்றுகளை ஃபெடரல் கோர்ட் பொதுவாகப் பார்க்கக்கூடாது என்று 2022இல் ஷின் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அபராதம் மட்டும் கட்டிவிட்டு வந்தவர் நிலைமை இன்னும் மோசம். காவலில் இல்லாதவருக்கு ஹேபியஸ் மனுவே கிடையாது.

அந்தக் கடைசி வகையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்குச் சின்ன வழக்கு என்று ஒன்று இல்லை. கடையில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வந்தார் என்று ஒரு வழக்கு. "ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடுங்க, ஒரு வருஷத்துல ரெக்கார்டுலேருந்து அழிச்சிடுவாங்க" என்பார் உள்ளூர் வக்கீல். மாநிலம் அழித்துவிடும், உண்மைதான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதோ ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டாலே குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்புதான். நாடுகடத்தல் பற்றிச் சரியாகச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல்தான் ஹோசே படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் படீயா, நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். அவ்வளவு காலம் இருந்ததால் கவலை வேண்டாம் என்று அவருக்கும் ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். இதையடுத்து ஃபெடரல் ஜட்ஜுகள் ஒப்புதலின்போது நாடுகடத்தல் எச்சரிக்கை தர வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. பாதுகாப்புக்காக வந்த விதி. அதையே காட்டி, ஜட்ஜ்தான் எச்சரித்தாரே, வக்கீல் பொய்யாகவே சொல்லியிருந்தாலும் உனக்கென்ன நஷ்டம் என்று அரசுத் தரப்பு வாதாடுகிறது. இருவிதமாகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. லீயின் வக்கீல் சொன்ன 'வழக்கமான எச்சரிக்கை' என்ற ஒரு வார்த்தை அந்த எச்சரிக்கையை என்ன செய்யும் என்பதற்கு அவர் வழக்கே போதாதா?

இப்படித் திறந்துவிட்டால் எந்தத் தீர்ப்பும் நிற்காது, சாட்சிகள் மறந்துபோவார்கள் என்பார்கள். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு முடிவு வேண்டும். ஆனால் ஒப்புதலை ரத்து செய்வது விடுதலை அல்ல. பேரத்தில் கைவிட்ட குற்றச்சாட்டுகளை அரசு மறுபடி எடுக்கலாம், முன்னைவிட நீண்ட தண்டனைகூடக் கிடைக்கலாம். அந்த ஆபத்து தெரிந்தும் ஒருவர் மனுப் போடுகிறார் என்பதே அவர் விசாரணைக்குப் போயிருப்பார் என்பதற்கு ஓரளவு சாட்சிதான். தவிர, 97 சதவீதத்தை விசாரணைச் செலவில்லாமல் அரசு வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு மலிவாக வாங்கின சரக்குக்கு ரசீது கேட்டால் கோபம் வருவானேன்?

பாதிப்பை அனுமானித்துக்கொள்ள உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அப்பீல் போடச் சொல்லியும் வக்கீல் போடாமல் விட்டால், அந்த அப்பீல் ஜெயித்திருக்குமா என்று கைதி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவருக்கும் இது பொருந்தும் என்று 2019இல் கார்சா எதிர் ஐடஹோ வழக்கில் தீர்ப்பு வந்தது. காரணம், கைதி இழந்தது ஒரு முழு நடைமுறையை. தவறான ஆலோசனையால் ஒப்புக்கொண்டவர் இழந்ததும் ஒரு முழு நடைமுறையைத்தான், அதுவும் அப்பீலைவிடப் பெரிய ஒன்றை. கட்டாய நாடுகடத்தல், பரோல் காலம் போன்ற விஷயங்களில் வக்கீல் சொன்னது தவறு என்று நிரூபணமானால், பாதிப்பு இருந்ததாகவே வைத்துக்கொள்ளட்டும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுக்கு.

அதுவரை சடங்கிலாவது ஒன்றை மாற்றலாம். பேரத்தில் அரசு முன்வைக்கும் சலுகைகளை எழுத்தில் தரலாம், கோர்ட் பதிவில் சேர்க்கலாம் என்று 2012இல் மிசௌரி எதிர் ஃப்ரை வழக்கில் கென்னடியே யோசனை சொன்னார். சலுகைக்குச் சொன்னதை ஆலோசனைக்கும் செய்யட்டும். 'திருப்தியா?' என்று குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்பதை விட்டுவிட்டு, ஜட்ஜ் வக்கீலைப் பார்த்துக் கேட்கட்டும்: இவர் எப்போது பரோலுக்குத் தகுதி பெறுவார் என்று சொன்னீர்கள்? நாடுகடத்தலைப் பற்றி என்ன சொன்னீர்கள்? ரகசியத்தைக் கோர்ட்டில் உடைக்கக்கூடாது என்றால், கட்சிக்காரரின் தாய்மொழியில் எழுதிக் கையெழுத்திட்டு, உறை ஒட்டிக் கோப்பில் வைக்கட்டும். பின்னாளில் மனு வந்தால் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.