ஒரே ரோட்டுக்கு இரண்டு இடது பக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பகுதியில் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். லாரி, டிரைவர், கிளீனர், எடைமேடை, பில்டி, இதுதான் என் உலகம். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேறு வேலை இல்லை, ரோட்டு நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எல்லோரும் சொல்லும் குறையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். எங்கள் கும்மிடிப்பூண்டி ரோடு என்.எச். 5-ஆக இருந்தது, 16 ஆயிற்று. பாடியிலிருந்து திருவள்ளூர், திருத்தணி வழியாக ரேணிகுண்டா பக்கம் போகும் ரோடு 205-ஆக இருந்தது, 716 ஆயிற்று. ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே ஒட்டவில்லை. அது ஜி.என்.டி. ரோடு, இது சி.டி.எச். ரோடு, அவ்வளவுதான். எங்களிடமிருந்து பறித்த 5, 205 இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? பஞ்சாப், ஹிமாசலப் பிரதேசத்தில். புது 5 சிம்லா வழியாகத் திபெத் எல்லைவரை போகிறது. புது 205 அதன் கிளை. நம்மூர் எண்கள் ஜோடியாக மலையேறிக் குளிர் காய்கின்றன.

இந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. புது முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடினால் இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடினால் ஒற்றைப்படை. மூன்று இலக்க எண் என்றால் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. 716 என்றால் 16-இன் பிள்ளை. பழைய முறையில் 205-ஐப் பார்த்து எவனும் எதையும் ஊகிக்க முடியாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

என் சண்டை எண்ணோடு இல்லை, எண்ணிக்கையோடு. ரோட்டுக்கு ஒரு எண் இருப்பது போல, ரோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கணக்கு உண்டு. எண் சொல்வது எந்த ரோடு என்று. கணக்கு சொல்வது அதில் எந்த இடம் என்று. கணக்குக்கு ஒரு தொடக்கம் வேண்டும், ஒரு திசை வேண்டும். ஒரே ரோட்டில் ஒருத்தர் இந்த முனையிலிருந்தும் இன்னொருத்தர் அந்த முனையிலிருந்தும் எண்ணிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதுதான் நம் ரோட்டில் நடந்திருக்கிறது.

அரசிதழ்ப்படி 16-ஆம் எண் சாலை கொல்கத்தா அருகே தொடங்கிச் சென்னையில் முடிகிறது. ஆனால் எங்கள் பகுதியை ஆறு வழிச்சாலையாக்கிய திட்டத்தின் பெயரையே பாருங்கள்: சென்னை–தடா, 11-ஆவது கிலோமீட்டர் முதல் 54-ஆவது கிலோமீட்டர் சொச்சம் வரை. எண்ணத் தொடங்கியது சென்னையில். எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போனாலும் நெல்லூர் வரை அதே கணக்குதான் தொடர்கிறது, தடாவில் 52 சொச்சம், நெல்லூரில் 163 சொச்சம். (52-உம் 54-உம் எப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறின என்று என்னைக் கேட்காதீர்கள்.) நெல்லூருக்கு வடக்கே, சிலக்கலூரிப்பேட்டை வரையிலான ஆறு வழித் திட்டத்தின் கணக்கோ 1182-இல் தொடங்கி 1366-இல் முடிகிறது. அது மறுகோடியிலிருந்து, பழைய 5-ஆம் எண் சாலை தொடங்கிய வடகோடியிலிருந்து, எண்ணிக்கொண்டு வந்தது.

விஜயவாடா பக்கமிருந்து எங்கள் தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்றி வரும் ஒரு டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டக் கணக்குப்படி அவருக்குக் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே வருகிறது. 1200, 1300, 1366. நெல்லூர் வந்ததும் தடால் என்று 163. அதிலிருந்து இறங்குமுகம். வண்டி திரும்பவில்லை, ரோடு மாறவில்லை. கணக்கு மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது.

ஆந்திரா தூரம் என்றால் நம்மூருக்கே வாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு வரும் சாலை இன்று முழுக்க 48. முன்பு வாலாஜாபேட்டை வரை 46, அதற்கப்புறம் 4. பழைய 46-ஐ கிருஷ்ணகிரியில் பூஜ்யம் வைத்து எண்ணினார்கள், வாலாஜாவில் 148. பழைய 4-ஐ சென்னையிலிருந்து எண்ணினார்கள், வாலாஜாவில் 106 சொச்சம். இரண்டு கணக்கும் வாலாஜாவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. பலகையில் 48 என்று புது வண்ணம் அடித்துவிட்டால் முட்டல் சரியாகிவிடுமா?

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் நடுத்திட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பேசமாட்டார்கள். எல்.எச்.எஸ்., ஆர்.எச்.எஸ்., அதாவது இடது பக்கம், வலது பக்கம் என்பார்கள். யாருக்கு இடது? கிலோமீட்டர் கணக்கு ஏறும் திசையைப் பார்த்து நிற்பவனுக்கு இடது. சென்னையிலிருந்து எண்ணினால், நெல்லூர் நோக்கிப் போகும் தடம் இடது பக்கம். வடகோடியிலிருந்து எண்ணினால், சென்னை நோக்கி வரும் தடம் இடது பக்கம். நான் சொன்ன அந்த டிரைவர் நெல்லூர் வரை இடது பக்கத்தில் வருகிறார். நெல்லூர் தாண்டியதும் நடுத்திட்டைத் தொடாமலே வலது பக்கத்துக்கு வந்துவிடுகிறார்! காகிதத்தில்தான். ஆனால் ஆம்புலன்ஸும் கிரேனும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, இரவு ஷிஃப்ட் முடிந்து ரோட்டைக் கடந்த ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை வேன் அடித்துவிட்டது. ஒடிசாப் பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கூட வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருவன் உதவிக்குப் போன் போட்டு, கண்ணில் பட்ட கல்லில் இருந்த எண்ணைச் சொல்லியிருக்கிறான். எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். லெஃப்ட் என்றிருக்கிறான். அவன் நின்ற நிலையில் அது லெஃப்ட்தான். பொய் சொல்லவில்லை. வண்டி எதிர்த்தடத்தில் வந்து, இவர்களை நடுத்திட்டுக்கு அந்தப்புறம் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், அடுத்த திறப்பில் திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் மட்டும் அன்றைக்குப் போனை வாங்கி, "மெட்ராஸ் போற பக்கம்பா, மெட்ராஸ் போற பக்கம்" என்று கத்தியிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ. பையன் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊருக்கு அனுப்பும் கணக்கை முடித்துக் கொடுத்த மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது.

சீக்கிரம் வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த டீக்கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை நம் கற்களும் பலகைகளும் ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. விபத்து அதிகம் நடக்கும் இடத்தைக் கரும்புள்ளி என்று குறிக்க மத்திய அரசு ஓர் அளவு வைத்திருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷத்தில், சாவோ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். அப்போதுதான் அங்கே விளக்கு, தடுப்பு, மேம்பாலம் என்று பேச்சே தொடங்கும். சரி, ஒரே இடத்தில் ஐந்து விபத்து நடக்கிறது. மூன்றை ஒருத்தர் ஒரு கணக்கில் எழுதுகிறார், இரண்டை இன்னொருத்தர் மறுகணக்கில் எழுதுகிறார். ஒரு பதிவேட்டில் மூன்று, இன்னொரு பதிவேட்டில் இரண்டு. இரண்டுமே ஐந்து இல்லை. ஆக அந்த இடம் கரும்புள்ளியே இல்லை! 500 மீட்டர் துல்லியம் கேட்கும் சட்டத்துக்கு, எந்தக் கோடியிலிருந்து எண்ணுவது என்றே முடிவாகாத கல்லைக் கொடுத்தால் எப்படி?

எண்களே ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதிரெதிராக ஓடும் இடமும் தமிழ்நாட்டில் உண்டு. ஓசூர்–கிருஷ்ணகிரி. சுமார் ஐம்பது கிலோமீட்டர். அந்த ஒரு ரோட்டுக்கு நான்கு எண். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44. டெல்லியிலிருந்து சென்னை வரும் 48. போதாததற்கு 2004-இல் கையெழுத்தான ஆசிய நெடுஞ்சாலை ஒப்பந்தத்தின் இரண்டு எண்கள். ஏ.எச். 43 ஆக்ராவில் கிளம்பிப் பெங்களூர், கிருஷ்ணகிரி, மதுரை என்று தெற்கே இறங்குகிறது. ஏ.எச். 45 கொல்கத்தாவில் கிளம்பி, எங்கள் கும்மிடிப்பூண்டி வழியாகவே சென்னை வந்து, கிருஷ்ணகிரியில் திரும்பிப் பெங்களூரில் போய் முடிகிறது. ஆக ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருகிறவர் மூன்று எண்களில் முன்னோக்கியும் ஒரு எண்ணில் பின்னோக்கியும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறார். (அந்த 43 அதோடு நிற்காது. தனுஷ்கோடிக்குப் போய், கடலைத் தாண்டித் தலைமன்னாரில் ஏறி, இலங்கையில் மாத்தறை வரை போகிறது. 1964 புயலில் தனுஷ்கோடி ரயிலே போய்விட்டது. காகிதத்தில் ரோடு மட்டும் கடல்மேல் கம்பீரமாக நடக்கிறது.)

அமெரிக்காவில் இந்த வேடிக்கை பிரசித்தம். வர்ஜீனியா மாநிலத்தில் வைத்வில் என்ற ஊர்ப்பக்கம் 77-ஆம் எண் சாலையும் 81-ஆம் எண் சாலையும் சில மைல் தூரம் ஒன்றாக ஓடுகின்றன. ஒரே தடத்தில், ஒரே பலகையில், 77 வடக்கு, 81 தெற்கு என்று இருக்கும். படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே திசை எழுதியிருப்பதால்தான் முரண்பாடு வெளியே தெரிகிறது. நம் பலகையில் எண்ணோடு திசை போடும் வழக்கமே இல்லை. முரண்பாட்டை மூடி வைத்திருக்கிறோம்.

"கையில் போன் இருக்கிறது, அது இடத்தைக் காட்டாதா?" என்று என் மாப்பிள்ளை கேட்கிறார். காட்டும். சார்ஜ் இருந்தால், சிக்னல் இருந்தால், அடிபட்டவன் கையிலேயே போன் உடையாமல் இருந்தால். அப்படியே காட்டினாலும், நீலப் புள்ளி நடுத்திட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் அதுவும் பல சமயம் தடுமாறும். போன் வந்துவிட்டது என்று கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்களா? இல்லையே. கல் நிற்கிறவரை அது சரியாகச் சொல்ல வேண்டும்.

"எண்களை மாற்றியது போல இதையும் ஒருநாள் மாற்றுவார்கள்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. எண் மாறிப் பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. பலகையில் எண்ணை மாற்றினால் படம் எடுத்துப் பத்திரிகையில் போடலாம். கல்லில் கணக்கை மாற்றினால் யார் வந்து மாலை போடப்போகிறார்கள்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரு சாலைக்கு ஒரு கணக்கு. அரசிதழில் எந்த முனையைத் தொடக்கம் என்று எழுதினார்களோ அங்கிருந்தே எண்ணட்டும். அப்படியானால் கும்மிடிப்பூண்டிக் கல்லில் ஆயிரத்துச் சொச்சம் வரும், வரட்டுமே. பல எண்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் கணக்கு எதனுடையது என்று ஒன்றைத் தீர்மானித்து, மற்றவற்றுக்குப் பலகையோடு நிறுத்திக்கொள்ளட்டும். பழைய கணக்கில் எழுதிய விபத்துப் பதிவுகளைப் புதுக் கணக்குக்கு மாற்றி ஒரு பட்டியல் போடட்டும். இருபத்தேழு வருஷம் லாரி ரசீதுகளை ஒத்துப் பார்த்தவன் சொல்கிறேன், நாலு குமாஸ்தாவும் இரண்டு மாதமும் போதும்.

கடைசியாக, இடது வலது என்பதைப் பொறியாளர்கள் தங்கள் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். நடுத்திட்டின் இரு பக்கமும், 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நிற்கிறதே, அதில் அந்தத் தடம் போகும் ஊரின் பெயரை எழுதினால் போதும். எங்கள் பக்கம் ஒரு தடத்தில் சென்னை, மறு தடத்தில் நெல்லூர். தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். எல்லைக்கு அந்தப்புறம் தெலுங்கிலும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ரோட்டோரம் நிற்கும் பையனுக்கு அதில் ஒன்றாவது படிக்க வரும்.